இருக்கைக்கு அடியில் இருந்த டோனர்

அன்செல்மோவை முதலில் சந்தேகப்பட்டது அவன் மனைவி ஹெர்மினியா இல்லை, நான்தான். ஒரு சாயங்காலம் என் கடைக்கு வந்து அவன் பஞ்சு கேட்டான்.

கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டின் முன்னறையில் கம்பிவலை அடித்த ஒரு ஜன்னல். சோப்பு, ஷாம்பு பாக்கெட், மத்தி மீன் டின், சிகரெட், மெழுகுவர்த்தி. மோலோவில் எங்கள் சந்தில் யார் வீட்டில் காய்ச்சல், யார் வீட்டுக்கு விருந்தாளி, யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்பதெல்லாம் அந்த ஜன்னலில் கேட்கும் சாமானிலிருந்தே எனக்குத் தெரிந்துவிடும். வயதில் மூத்தவள் என்பதால் சந்து முழுக்க என்னை மனாங் பாஸிங் என்றுதான் கூப்பிடும். மனாங் என்றால் அக்கா; இளையவளை நாங்கள் இண்டாய் என்போம்.

"பஞ்சு எதுக்குப்பா? எங்கயாவது அடி பட்டுதா?" என்று கேட்டேன்.

"இல்ல மனாங். காது குடையறதுக்கு."

"இவ்ளோ பெரிய பாக்கெட்டா? உன் காதென்ன கிணறா?"

அவன் சிரிக்கவில்லை. பாக்கெட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனான். பஞ்சைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு போகிற மனுஷனை நான் அதுவரை பார்த்ததில்லை.

அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் முப்பது வருஷம் ஜீப்னி என்கிற எங்கள் ஊர் ஷேர் வண்டியை ஓட்டியே போயிருக்கிறது. கண்ணாடி இல்லாத பக்கவாட்டில் வரும் டீசல் புகையெல்லாம் அவன் முகத்தில்தான் படியும். வீட்டுக்கு வந்ததும் முற்றத்துக் குழாயடியில் துணி துவைக்கிற கட்டி சோப்பால் முகத்தை உரசிக் கழுவுவான். பிறகு காயத்துக்குப் போடும் ஆல்கஹாலை உள்ளங்கையில் ஊற்றி, கன்னத்திலும் கழுத்திலும் அறைந்து கொள்வான். அது சுரீரென்று பிடிக்கும்போது அவன் போடும் சத்தம் எதிர்வீட்டில் இருக்கும் எனக்குக் கேட்கும். மூக்கின் இரண்டு பக்கமும் தோல் வெடித்து, செதில் செதிலாக உரிந்திருக்கும். எரிந்தால்தான் அழுக்கு போகிறது என்று அர்த்தம் என்பான்.

மாதம் தவறாமல் என்னிடம் பெரிய பாட்டில் ஆல்கஹால் வாங்கிக்கொண்டிருந்தவன் மூன்று மாதமாக வாங்கவே இல்லை. குழாயடிச் சத்தமும் நின்றிருந்தது. குழந்தைகளுக்குப் போடும் சோப்பு இரண்டு வாங்கினான். அந்த வீட்டில் குழந்தை கிடையாது. கடைசியாக இந்தப் பஞ்சு.

மறுநாளே ஹெர்மினியாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு அந்த வழக்கம் இல்லை.

ஹெர்மினியா தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடைகளும் ஜீப்னி இருக்கை உறைகளும் தைப்பாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "வயசாகுது மனாங், கொஞ்சம் சுத்தமா இருக்கட்டுமேன்னு நினைச்சிருப்பான்" என்று மிதியை மிதித்துக்கொண்டே இருந்தாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, அவன் சேவல் சண்டை பார்க்கப் போயிருந்த நேரத்தில், என் ஜன்னலுக்கு வந்து நின்றாள். கையில் துவாலையில் சுற்றிய ஒரு பாட்டில். முகம் வெளுத்திருந்தது.

"ஓட்டுறவன் சீட்டு கிழிஞ்சிருக்கேன்னு உறைக்கு அளவெடுக்கத் தூக்கினேன். அடியில ஸ்பேனருக்கு நடுவுல இது இருந்துது."

அவள் எதற்குப் பயந்தாள் என்று எனக்குத் தெரியும். அன்செல்மோ ஒரு காலத்தில் ரம் குடிப்பான். அதை நிறுத்தி ஆறு வருஷம் ஆகியிருந்தது. நிறுத்திய காரணம் அவர்களுடைய ஒரே பிள்ளை ஜோவி.

ஜோவி பிறந்தபோது பையன் என்று எழுதிக்கொண்டார்கள். பத்து வயதுக்குள் அது பெண் என்று எங்கள் சந்துக்கே தெரிந்துவிட்டது. தெரியாதது அப்பனுக்கு மட்டும்தான். அல்லது தெரிந்துகொள்ள அவனுக்கு விருப்பமில்லை. பத்தொன்பதாவது வயதில் ஜோவியின் முடி இடுப்பு வரை வளர்ந்திருந்தது. ஒரு நாள் அன்செல்மோ மூக்குமுட்டக் குடித்துவிட்டு வந்து, ஹெர்மினியாவின் தையல் கத்திரியை எடுத்து, அந்த முடியைக் காதுக்கு மேலே வெட்டிப் போட்டான். மறுநாள் காலை மணிலா கப்பலில் ஏறிப்போன பிள்ளை திரும்பி வரவில்லை. பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் அம்மாவின் போனுக்கு இரண்டு வரி வரும். நல்லா இருக்கேன், கவலைப்படாதே. அவ்வளவுதான். அன்செல்மோ அதற்குப் பிறகு குடிக்கவும் இல்லை, அந்தப் பெயரைச் சொல்லவும் இல்லை.

நான் பாட்டிலை வாங்கி மூக்குக்கண்ணாடியைப் போட்டேன். உள்ளே தண்ணீர் மாதிரி ஏதோ இருந்தது. மூடியைத் திறந்து மோந்தேன். வெள்ளரிக்காய் நறுக்கிய தட்டை மோந்த மாதிரி இருந்தது.

"சாராயம் இல்ல இண்டாய். டோனராம். முகத்துக்குப் போடறது. இதோ பெருசா எழுதியிருக்கான் பாரு, ஆல்கஹால் இல்லாததுன்னு."

"வேற பாட்டில்ல ஊத்தி வச்சிருந்தா?" என்றாள். "ஆல்கஹால் இல்லேன்னு எழுதின பாட்டில்ல ஒளிச்சா யாருக்கும் சந்தேகம் வராதுல்ல?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஒரு தட்டில் இரண்டு சொட்டு ஊற்றித் தீக்குச்சியைக் கிழித்து வைத்தேன். குச்சிதான் அணைந்தது. ஹெர்மினியா கொஞ்சம் எடுத்துத் தன் கன்னத்தில் தடவிப் பார்த்தாள்.

"எரியவே இல்ல. வெறும் தண்ணி மாதிரி இருக்கு. இதப் போய் எதுக்கு ஒளிச்சு வைக்கணும்?"

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் சொன்னேன். "ஆம்பள முகத்துக்குத் தானா போய் இதெல்லாம் வாங்க மாட்டான். யாரோ வாங்கிக் குடுத்திருக்கா. இல்லேன்னா யாரோ பாக்கறதுக்காகப் போடறான்."

அவள் பாட்டிலைத் துவாலையில் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள். வைப்பதற்கு முன் தண்ணீர் மட்டம் இருந்த இடத்தில் தையல் சாக்பீஸால் மெல்லிய கோடு போட்டாள்.

அதற்குப் பிறகு பத்து நாள் அவள் வேலையே அந்தக் கோடுதான். தினமும் ஒரு நூலளவு குறைந்தது. அவன் முகமும் மாறிக்கொண்டு வந்தது. மூக்கின் பக்கத்தில் இருந்த வெடிப்பு மூடியது. சொறிந்து சொறிந்து சிவந்திருந்த கழுத்து அடங்கியது. இளமையாகிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கழுவி வைத்த பாத்திரம் மாதிரி ஒரு துப்புரவு இருந்தது. நல்ல விஷயம்தானே என்று வேறு வீட்டில் சொல்லியிருப்பார்கள். இந்த வீட்டில் அவன் முகம் எவ்வளவு தெளிந்ததோ அவ்வளவு ஹெர்மினியாவின் முகம் இருண்டது.

ஒரு நாள் சோறு போடும்போது கேட்டிருக்கிறாள். "என்ன செல்மோ, முகமெல்லாம் பளபளன்னு ஆயிட்டு வருது?"

"மழைக்காலம். புழுதி கம்மி."

"புழுதிதானே கம்மி. புகையுமா கம்மி?"

"சோத்தப் போடு" என்றானாம்.

வியாழக்கிழமைகளில் மட்டும் அவன் இஸ்திரி போட்ட சட்டை கேட்பதை அவள் கவனித்தாள். அவனோடு ஓட்டுகிற இன்னொருவன் என் ஜன்னலில் சிகரெட் பற்ற வைத்தபோது நான் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். வியாழன் மதியம் மாலுக்குப் பின்னால் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் காணாமல் போகிறான், வயிற்றுக் கோளாறு என்று நாங்கள் நினைத்தோம் என்றான் அவன்.

அடுத்த வியாழக்கிழமை நானும் ஹெர்மினியாவும் மாலுக்குப் போனோம். அவள் ஒரு குடையை எடுத்துக்கொண்டாள். அன்று மழை இல்லை.

கீழ்த்தளத்தில் அழகுச் சாமான் விற்கும் பகுதி. வெள்ளை வெளிச்சம், கண்ணாடி மேல் கண்ணாடி. ஷாம்பு அடுக்கியிருந்த உயரமான அலமாரிக்குப் பின்னால் நின்றோம். சரியாகப் பன்னிரண்டரைக்கு அன்செல்மோ வந்தான். ஈரக்கையால் தலையை வாரியிருந்தான். ஓரமாக இருந்த ஒரு கவுண்டருக்குப் போய், கவுண்டருக்கு முன்னால் இருந்த உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பையன் மாதிரி இரண்டு கையையும் தொடை மேல் வைத்துக்கொண்டான். உயரமான ஒரு பெண், சீருடை போட்டு, முடியைத் தூக்கிக் கொண்டை கட்டியிருந்தாள். எங்களுக்கு முதுகுதான் தெரிந்தது. அவள் பஞ்சில் எதையோ நனைத்தாள். அவன் முகத்தைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டான்.

ஹெர்மினியாவின் கையில் குடைக்காம்பு முறுகுவது எனக்குத் தெரிந்தது. "இரு, அவசரப்படாத" என்று அவள் ரவிக்கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் நெருங்கிப் போனோம். பேச்சு கேட்டது.

"போன வாரம் சொன்ன மாதிரி செஞ்சீங்களா சார்?"

"செஞ்சேன் மிஸ்."

"காலையில, ராத்திரி, ரெண்டு வேளையும்?"

"காலையில வண்டியில. ராத்திரி... அதுவும் வண்டியிலதான்."

"தேய்க்கக் கூடாதுன்னு சொன்னேன். கையில ரெண்டு சொட்டு விட்டு ஒத்தி எடுக்கணும். மூக்குப் பக்கம் பஞ்சு. துணி சோப்ப விட்டுட்டீங்கல்ல?"

"விட்டுட்டேன்."

"ஆல்கஹால்?"

கண்ணைத் திறக்காமலே சொன்னான். "அதையும் விட்டுட்டேன். ஆறு வருஷமாச்சு."

பஞ்சு பிடித்திருந்த கை நின்றது.

"நான் முகத்துல பூசறதக் கேட்டேன் சார்."

"அதுவும் விட்டாச்சு மிஸ்."

அந்தக் கை மறுபடி அசையத் தொடங்கியது. கன்னத்திலிருந்து நெற்றிக்கு, நெற்றியிலிருந்து மூக்கின் ஓரத்துக்கு. மிகவும் நிதானமாக. ஹெர்மினியா குடையைக் கீழே இறக்கிவிட்டாள். அந்தக் குரல் யாருடையது என்று எனக்கு உறைக்கும் முன்பே அவள் திரும்பி நடந்துவிட்டாள்.

படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள் என்று நான் நினைத்திருந்தேன். அவளோ கோபத்தில் குடை நுனியால் படியைக் குத்திக்கொண்டிருந்தாள்.

"மூணு மாசம் மனாங். மூணு மாசமா இந்த ஊர்லதான் இருக்கா. எனக்கு ஒரு வார்த்தை இல்ல. வெட்டினவன் வந்து முகத்தக் காட்டினா துடைச்சு விடறா. பெத்தவளுக்கு மணிலாவுல நல்லா இருக்கேன்னு பொய்."

"நீ போய்ப் பேசியிருக்கலாமே."

"என்னன்னு பேசறது? எங்கிட்ட மட்டும் ஏன் மறைச்சா அவ, யோசிச்சீங்களா?" என்றவள், கொஞ்ச நேரம் குடைத் துணியின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள். பிறகு, ஆறு வருஷமாக எதிர்வீட்டிலிருந்தும் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னாள். "அன்னிக்குச் சாயங்காலம் கரண்ட் இல்ல. வெளிச்சம் காட்டுன்னான். டார்ச்சப் பிடிச்சிட்டு நின்னது நான்தான். தடுத்தா எனக்கும் விழும்னு பயந்தேன். அவ என்னைப் பாத்துட்டே இருந்தா. நான் டார்ச்ச அணைக்கல."

அதற்கு நான் என்ன சொல்வது? அன்று என் வாய்க்கு வேலை இல்லாமல் போயிற்று.

அன்றிரவு அவன் ஏன் தாமதம் என்று அவள் கேட்டிருக்கிறாள். டீசல் போட வரிசை என்றானாம். பொய் என்று தெரிந்தே தலையை ஆட்டியிருக்கிறாள். முன்னால் ஒரு பொம்பளை மேல் இருந்த சந்தேகம் போய், இப்போது புதிதாக ஒன்று அவளைப் பிடித்துக்கொண்டது. அப்பனும் மகளும் சேர்ந்துகொண்டு தன்னை வெளியே நிறுத்தியிருக்கிறார்களோ, தன்னைப் பற்றி அவள் அவனிடம் என்ன சொல்லியிருப்பாளோ என்று நாலு நாள் குடைந்துகொண்டே இருந்தாள். ஒரு சீருடைச் சட்டைக்குக் கையை மாற்றித் தைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை அவளே கிளம்பினாள். துணைக்கு நான். நேராக அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

"என் முகத்துக்கு எது நல்லது மிஸ்?"

ஜோவி திரும்பினாள். சீருடையில் பெயர் அட்டை. கண்ணுக்கு மை, உதட்டுக்கு மெல்லிய சாயம். அழகாக இருந்தாள், அதை மறைக்க வேண்டியதில்லை. அம்மாவைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த பஞ்சுப் பெட்டி சாய்ந்து, வட்ட வட்டமாகப் பஞ்சு தரையில் உருண்டது. நான் குனிந்து பொறுக்கினேன். இரண்டு பேரும் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை.

"அவர் சொல்லிட்டாரா?"

"யாரும் சொல்லல. நானாக் கண்டுபிடிச்சேன். வேற பொம்பளைன்னு நினைச்சு வந்தேன்."

ஜோவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, மேற்பார்வையாளர் பார்க்கிறாரா என்று எட்டிப் பார்த்தாள். "வேலை நேரம்மா. பேசினா திட்டுவாங்க. முகத்தக் குடு. துடைச்சிட்டே சொல்றேன்."

அப்படித்தான் சொன்னாள். ஒரு மழை நாளில் பயணி ஒருத்தி ஜீப்னியில் பையை விட்டுவிட்டு மாலுக்குள் போய்விட்டாளாம். அதைக் கொடுக்க உள்ளே ஓடி வந்த அன்செல்மோ, வெளியே போகும் வழி தெரியாமல் இந்தக் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றான். பெயர் அட்டையைப் பார்த்தான். முகத்தைப் பார்த்தான்.

"திட்டுவார்னு நினைச்சேன். இல்லேன்னா திரும்பிப் போயிடுவார்னு நினைச்சேன். எனக்கும் என்ன பண்றதுன்னு தெரியல. எல்லார்கிட்டயும் கேக்கற மாதிரி, என்ன வேணும் சார்னு கேட்டேன். ரொம்ப நேரம் நின்னுட்டு, தோல் அரிக்குதுன்னார். பார்த்தா ரணமா இருந்துது. ஆல்கஹால் போடக் கூடாது, அது இருக்கற ஈரத்தையும் உறிஞ்சிடும்னு சொல்லி, அது இல்லாத டோனர் ஒண்ணு குடுத்தேன். அடுத்த வாரம் வந்து காட்டுங்கன்னேன். சும்மா வாடிக்கையா சொல்றதுதான். வந்துட்டார்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வீட்டுல போய், அவகிட்ட மன்னிப்புக் கேளு, கூட்டிட்டு வான்னு ஆரம்பிப்ப. அவர் வர்றதயே நிறுத்திடுவார். வாரத்துக்கு ஒரு மணி நேரம் எங்கப்பா கண்ண மூடிட்டு எங்கிட்ட முகத்தக் குடுக்கறார். அது போயிடுமோன்னு பயமா இருந்துது."

ஹெர்மினியா கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தாள். பிறகு, "டார்ச்சு பிடிச்சதுக்காக எங்கிட்ட சொல்லலயோன்னு நினைச்சேன்" என்றாள்.

ஜோவி பஞ்சை எடுத்துவிட்டுத் தன் இடது காதை முன்னால் மடக்கிக் காட்டினாள். மேல் விளிம்பில் ஒரு சின்னத் தழும்பு. "உன் கை ஆடிச்சு. வெளிச்சமும் கூடவே ஆடிச்சு. அதனாலதான் இது" என்றாள். கோபமா விளையாட்டா என்று அந்தக் குரலில் எனக்குப் பிடிபடவில்லை. ஹெர்மினியாவுக்கும் பிடிபட்டிருக்காது. ஆனால் அடுத்த திங்கட்கிழமையும் போனாள். அதற்கடுத்த திங்கட்கிழமையும் போனாள். அவளுக்கும் ஒரு பாட்டில் வந்தது. அதை நூல்கண்டுகள் போடும் இழுப்பறையில் வைத்தாள். எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டால் மட்டும் ஜோவி பேச்சை மாற்றிவிடுவாள். அது ஹெர்மினியாவை அரித்துக்கொண்டே இருந்தது.

இப்படி ஒரே வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே பாட்டிலை ஆளுக்கொரு இடத்தில் ஒளித்து வைத்துக்கொண்டு, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஒத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு முகமும் தெளிந்துகொண்டு வந்தது. எனக்குத்தான் தூக்கம் போயிற்று. சந்தில் யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஹெர்மினியா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். நான் அதுவரை எதையும் அவ்வளவு நாள் வயிற்றுக்குள் வைத்திருந்ததில்லை.

ஒரு வியாழக்கிழமை மதியம், வழக்கமில்லாத நேரத்தில் ஜீப்னி வந்து நின்றது. அன்செல்மோ இறங்கி, குழாயடிக்குப் போகாமல் நேராக உள்ளே போனான். நான் கையில் கிடைத்த வினிகர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, கொடுக்க வந்தவள் மாதிரி அவர்கள் வாசலில் போய் நின்றேன்.

அவன் தையல் மெஷினுக்கு முன்னால் நின்றிருந்தான். "நீ போய் அவகிட்ட என்ன சொன்ன?"

"எவகிட்ட?"

"ஹெர்மி, நூல் டிராயர்ல உன் பாட்டில் இருக்கு. போன மாசமே பாத்துட்டேன்."

"அப்ப உன் சீட்டுக்கு அடியில இருக்கறது?"

அவன் வாசல் பக்கம் திரும்பினான். என்னையும் பார்த்தான். போகச் சொல்வான் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

"அவ இன்னிக்கு இல்ல" என்றான். "எப்ப வருவான்னு தெரியாதுன்னு சொல்றாங்க. நீ ஏதோ சொல்லி, அவ மறுபடி ஓடிட்டா. வேற என்ன இருக்கும்?"

"யாரு ஓடிட்டா?"

"அந்த மிஸ்."

"எந்த மிஸ்? பேர் இருக்குல்ல? பேரச் சொல்லு செல்மோ."

தெருவில் ஐஸ்கிரீம் வண்டி மணி அடித்துக்கொண்டு போயிற்று. அது திருப்பத்தைத் தாண்டும் வரை அவன் மெஷின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஜோவி" என்றான்.

ஹெர்மினியா எழுந்து செருப்பைப் போட்டாள். திங்கட்கிழமை பார்த்தபோது அவள் நன்றாகத்தான் இருந்தாள் என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்து அடித்தாள். மணி போயிற்று, யாரும் எடுக்கவில்லை. மூன்று பேரும் ஜீப்னியில் ஏறினோம். வழியில் கை காட்டிய யாருக்கும் அவன் நிறுத்தவில்லை.

கவுண்டரில் வேறொரு பெண் இருந்தாள். ஜோவியின் விலாசம் வேண்டும் என்று அன்செல்மோ கேட்டதும் அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"வேலை செய்யறவங்க விலாசத்த வாடிக்கையாளருக்குத் தர மாட்டோம் சார். நீங்க வாராவாரம் வர்றத நானும் பாத்துட்டுதான் இருக்கேன். உங்களுக்கு எதுக்கு அவ வீடு?"

"அவ என் பொண்ணு."

"அவளுக்கு அப்பா இல்லைன்னு சொன்னாளே."

"சொல்லியிருப்பா" என்றான் அன்செல்மோ. முகத்தில் அறைந்த மாதிரி இருந்திருக்கும், ஆனால் நகரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக் கவுண்டர் மேல் வைத்தான். அதில் இருந்த சுமகாய்சாய் என்ற குடும்பப் பெயர் அடிக்கடி கண்ணில் படுகிற பெயர் இல்லை. அந்தப் பெண் உள்ளே போய் வேலைப் பட்டியலைப் பார்த்துவிட்டு வந்தாள். உரிமத்தையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஹெர்மினியாவைப் பார்த்தாள். கடைசியில் ஒரு ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். "கண் வலி அவளுக்கு. சிவந்த கண்ணோட இங்க நிக்க விட மாட்டாங்க. பொய் சொல்லியிருந்தீங்கன்னா காவலாளிய அனுப்புவேன்" என்றாள். நல்ல பெண்.

லா பாஸ் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு ரொட்டிக் கடை. அதற்கு மேலே, வெளிப்புறமாகப் போகும் இரும்புப் படி. அன்செல்மோ கீழேயே நின்று சூடான ரொட்டி வாங்கினான். எத்தனை வேண்டும் என்று கேட்டபோது அவன் அந்தப் படியையே பார்த்துக்கொண்டிருந்தான். நான்தான் சொன்னேன்.

கதவைத் திறந்த ஜோவி கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். மை இல்லை, சாயம் இல்லை. முடி அவிழ்ந்து முதுகில் கிடந்தது. எங்கள் மூன்று பேரையும் படியில் பார்த்ததும் ஒரு எட்டு பின்னால் போனாள்.

"கிட்ட வராதீங்க. ஒட்டிக்கும்."

"போன எடுத்தா என்ன?" என்று ஹெர்மினியா ஆரம்பித்தாள்.

"கண்ணத் திறக்க முடியலம்மா. யாருன்னு பாக்க முடியல."

அன்செல்மோ "மிஸ்" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். பையைத் தரையில் வைத்தான். "கண்ணக் காட்டு" என்றான்.

அவள் யோசித்தாள். ஒரு கை அவளை அறியாமல் முடியைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். அவனும் பார்த்தான். இரண்டு கையையும் எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். அப்புறம்தான் அவள் கண்ணாடியைக் கழற்றினாள். இரண்டு கண்ணும் நல்ல சிவப்பு, இமை வீங்கியிருந்தது.

"எரியுதா?"

"எரியுது."

அவன் தலையை ஆட்டினான். "முடி நல்லா வளந்திருக்கு" என்றான்.

"வளரத்தான் செய்யும்" என்றாள் ஜோவி. கட்டிலில் கிடந்த துணிகளை ஒதுக்கி இடம் செய்தாள். ஹெர்மினியா முதலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அன்செல்மோ ஓரத்தில் உட்கார்ந்தான். ரொட்டி ஆறுவதற்குள் தின்றுவிடச் சொல்லி நான் பையைப் பிரித்தேன். மன்னிப்பு என்ற வார்த்தையை யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. நான் போன பிறகு சொல்லியிருக்கலாம். அதைப் பற்றி ஹெர்மினியாவிடம் இதுவரை நான் கேட்கவும் இல்லை.

கண் வலி ஒட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் அன்செல்மோவுக்கு, நாலாம் நாள் ஹெர்மினியாவுக்கு, அதற்கடுத்த நாள் எனக்கு. ஜீப்னி ஓடவில்லை, மெஷின் ஓடவில்லை. வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் நான் கடை ஜன்னலைச் சாத்தினேன். இந்த இரண்டு வீட்டுக்கும் மட்டும் எப்படி ஒன்றாக வந்தது என்று சந்தில் கிசுகிசுத்தார்கள்.

முதலில் குணமானது ஜோவிக்குத்தான். ஒரு காலை, எல்லாரும் வாசலில் துணி துவைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், முடியை அவிழ்த்துவிட்டு, கையில் சொட்டு மருந்தோடு சந்துக்குள் நடந்து வந்தாள். துவைக்கிற சத்தம் ஒவ்வொரு வீடாக நின்றதை நான் கட்டிலில் படுத்தபடியே கேட்டேன். முதலில் என் ஜன்னலைத் தட்டினாள்.

"மனாங் பாஸிங், கண்ணத் தேய்க்காதீங்க. நாலு வேளை இது ரெண்டு சொட்டு. அப்பாவுக்குப் போட்டுட்டு வந்து உங்களுக்கும் போடறேன்."

அவள் எதிர்வீட்டுக்குள் போனதும் என் ஜன்னலை வேறு கைகள் தட்டத் தொடங்கின. சோப்பு வேண்டுமாம், உப்பு வேண்டுமாம். சோப்புக்கும் உப்புக்கும் வந்தவர்கள் இல்லை என்று எனக்குத் தெரியாதா? கண் வலி, கடை இல்லை என்று உள்ளேயிருந்தே சொல்லிவிட்டேன்.